18446744073709551615: ஒரு பேரெண்ணைப் பென்சிலும் தாளும் கொண்டு பிரித்துப் பார்க்கும் முழுமையான வழிகாட்டி

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு தானிய மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்துக்கொண்டே போனால், 64 கட்டங்களிலும் சேர்த்து 18446744073709551615 மணிகள் வரும். நம் வழக்கப்படி சொன்னால் 1,84,467 கோடி கோடியே 44,07,370 கோடியே 95,51,615. இதன் பருமனைப் பார்த்து மலைத்துவிட்டு அத்தோடு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த எண்ணின் அழகு பருமனில் இல்லை. அதற்குள்ளே எந்தெந்தப் பகா எண்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பதில் இருக்கிறது.

இது கதையில் மட்டும் வரும் எண்ணும் அல்ல. 64 பிட் கணினியில் குறியில்லாத முழு எண்ணாக ஒரே இடத்தில் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். இரண்டடிமான முறையில் எழுதினால் வரிசையாக 64 ஒன்றுகள். பிரெஞ்சுக் கணிதர் எடுவார்ட் லூகாஸ் 1883-இல் வெளியிட்ட ‘ஹனோய் கோபுரம்’ புதிரில், 64 வட்டுகளையும் இடம் மாற்றக் குறைந்தபட்சம் இத்தனை நகர்த்தல்கள் தேவை. நொடிக்கு ஒரு நகர்த்தல் என்றாலும் ஏறத்தாழ 58,450 கோடி ஆண்டுகள் ஆகும்.

இந்த வழிகாட்டியின் முடிவில் இந்த எண்ணின் எல்லாப் பகாக் காரணிகளும், வகுத்திகளின் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும், இதனோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்பதும், இதை வர்க்கங்களின் கூட்டலாக எழுதும் விதமும் உங்கள் கையில் இருக்கும். பெருக்கல், வகுத்தல், மீதி ஆகியவை தெரிந்தால் போதும். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் வழிநெடுகக் கடைப்பிடியுங்கள்: கணக்குப் போடத் தொடங்கும் முன், எண் எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். இருபது இலக்க எண்ணை 3, 5, 7, 11 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போவது ஆயுளைத் தின்னும் வேலை. பிறப்பைப் பார்த்தால் மொத்த வேலையும் ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்கிவிடும்.

1. எண்ணைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்

இது அற்பமாகத் தோன்றும், ஆனால் பலர் தவறுவது இங்கேதான். எக்செல் போன்ற விரிதாள்கள் 15 இலக்கங்கள் வரைதான் நம்பகமாக வைத்துக்கொள்ளும். அதில் 2⁶⁴ கணக்கிட்டு முழு எண்ணாகக் காட்டச் சொன்னால் 18446744073709600000 என்று வரும். ஜாவாஸ்கிரிப்ட் சாதாரண எண் வடிவில் 18446744073709552000 என்று காட்டும். இதில் ஒன்றைக் கழித்தாலும் விடை மாறாது, ஏனென்றால் அந்த வடிவம் 53 பிட் துல்லியத்தை மட்டுமே தாங்கும். ஒற்றைப்படை எண்ணை இரட்டைப்படையாக்கிவிடும் கருவியை வைத்துக்கொண்டு காரணி தேட முடியாது.

கையால் எழுதுவதே எளிது. 2⁸ = 256. அதை வர்க்கப்படுத்தினால் 2¹⁶ = 65536. மறுபடியும் வர்க்கப்படுத்தினால் 2³² = 4294967296. இன்னொரு முறை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ = 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண்.

2. இலக்கங்கள் தாமாகச் சொல்வதைக் கேளுங்கள்

கடைசி இலக்கம் 5. ஆகவே 5 ஒரு காரணி. கடைசி இரண்டு இலக்கங்கள் 15 என்பதால் 25 காரணி இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 87. அது 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. எனவே 3 உண்டு, 9 இல்லை.

7, 11, 13 மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்கலாம். 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாக வெட்டி மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் போதும்:

615 − 551 + 709 − 073 + 744 − 446 + 18 = 1016

1016-இலிருந்து 1001-ஐக் கழித்தால் 15. இந்த 15-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1, 11-ஆல் வகுத்தால் 4, 13-ஆல் வகுத்தால் 2. மூன்றுமே காரணிகள் அல்ல.

கடைசி மூன்று இலக்கங்களான 615-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 7. இதைத் தாளின் ஓரத்தில் குறித்து வையுங்கள், பின்னால் வர்க்கங்களைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

3. பிறப்பைப் பார்த்துப் பிளவுபடுத்துங்கள்

நம் எண் 2⁶⁴ − 1. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். இரு வர்க்கங்களின் வித்தியாசம் என்றால் பள்ளியில் படித்த சூத்திரம் அப்படியே பொருந்தும்:

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1)

இடப்பக்கக் காரணியும் அதே வடிவம்தான். அதை மறுபடி பிளக்கலாம், அதற்குள் இருப்பதை மறுபடியும் பிளக்கலாம். 64 என்பது 2-இன் ஆறாம் அடுக்கு என்பதால் இது ஆறு முறை நடக்கும்:

2⁶⁴ − 1 = (2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)

= 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஒரு வகுத்தல்கூடச் செய்யாமல் இருபது இலக்க எண் ஆறு துண்டுகளாகிவிட்டது. இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் ஃபெர்மா எண் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் உறவும் வேடிக்கையானது: 3 × 5 + 2 = 17, 3 × 5 × 17 + 2 = 257. அதாவது முன்னால் வந்த எல்லாவற்றின் பெருக்கலோடு 2 சேர்த்தால் அடுத்தது. ஆகவே இவற்றில் எந்த இரண்டுக்காவது பொதுக் காரணி இருந்தால் அது 2-ஐயும் வகுத்தாக வேண்டும். எல்லாம் ஒற்றைப்படை எண்கள் என்பதால் அது நடக்காது. ஒரு துண்டில் உள்ள பகா எண் இன்னொரு துண்டில் தலைகாட்டாது என்பது இதனால் உறுதி.

4. சிறிய துண்டுகள் பகா எண்கள்தானா?

3, 5, 17 பற்றிக் கேள்வியே இல்லை. 257-இன் வர்க்கமூலம் 16-ஐச் சற்றே தாண்டுகிறது. 3, 5, 7, 11, 13 எதுவும் அதை வகுக்காது. எனவே பகா எண்.

65537-இன் வர்க்கமூலம் 256-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 50-க்கும் மேற்பட்ட பகா எண்கள் உள்ளன. எல்லாவற்றையும் வகுத்துப் பார்க்க வேண்டாம். இந்த வடிவ எண்ணின் பகாக் காரணிகள் 64-இன் மடங்கோடு 1 சேர்த்த எண்களாகவே இருக்க முடியும். ஏன் என்பதை அடுத்த பகுதியில் பெரிய துண்டை வைத்துக் காட்டுகிறேன். 256-க்குள் அப்படிப்பட்டவை 65, 129, 193 ஆகிய மூன்றுதான். 65-உம் 129-உம் பகா எண்கள் அல்ல. மிச்சம் 193. 193 × 339 = 65427, மீதி 110. ஒரே வகுத்தலில் 65537 பகா எண் என்று தீர்ப்பாகிவிட்டது.

5. பெரிய துண்டு: 4294967297

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தக் குடும்பத்து எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று பியர் தெ ஃபெர்மா 1640-களில் நம்பினார், கடிதங்களில் எழுதினார். முதல் ஐந்தும் அவருக்குச் சாதகம். ஆறாவதான 4294967297-ஐ 1732-இல் லெயோன்ஹார்ட் ஆய்லர் உடைத்தார். கோல்ட்பாக் கடிதத்தில் எழுப்பிய கேள்விதான் அவரை இந்தப் பக்கம் திருப்பியது.

எப்படி உடைப்பது? வர்க்கமூலம் சுமார் 65536. அதற்குள் 6,500-க்கும் மேற்பட்ட பகா எண்கள். குருட்டாம்போக்கில் போகக் கூடாது.

‘ப’ என்ற பகா எண் 2³² + 1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ப-ஆல் வகுத்தால் ஒரே மீதி தரும் எண்களை ≡ என்ற குறியால் இணைப்போம். அப்போது 2³² ≡ −1. இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 2⁶⁴ ≡ 1. 2-இன் அடுக்குகளில் முதன்முதலாக மீதி 1 தருவது எது? அது 64-ஐ வகுக்கும் எண்ணாக இருக்க வேண்டும். 32 அல்லது அதன் வகுத்தி என்றால் 2³² ≡ 1 ஆகியிருக்கும். அது −1 என்று ஏற்கெனவே தெரியும், ப ஒற்றைப்படை எண் என்பதால் இரண்டும் ஒன்றாகாது. எனவே அந்த அடுக்கு 64 தான். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கும் மீதி 1 தரும். ஆகவே 64 என்பது ப − 1-ஐ வகுத்தாக வேண்டும். ஆய்லர் பயன்படுத்திய சல்லடை இதுதான்.

லூகாஸ் 1878-இல் இந்தச் சல்லடையின் கண்ணை இன்னும் நெருக்கமாக்கினார். ஹனோய் கோபுரத்தைத் தந்த அதே லூகாஸ். வர்க்கப்படுத்தினால் மீதி 2 தரும் ஓர் எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். அந்த எண் 2⁸ × (2¹⁶ − 1). அதை வர்க்கப்படுத்திப் பாருங்கள்:

2¹⁶ × (2³² − 2¹⁷ + 1)

அடைப்புக்குள் 2³² + 1 இருக்கிறது, அது ≡ 0. மிச்சம் −2¹⁶ × 2¹⁷ = −2³³ = −2 × 2³² ≡ 2. வந்துவிட்டது. இந்த எண்ணின் 64-ஆம் அடுக்கு 2³² ≡ −1. 128-ஆம் அடுக்கு 2⁶⁴ ≡ 1. ஆகவே முன்பு சொன்ன அதே காரணத்தால் 128 என்பது ப − 1-ஐ வகுக்கும். எண் கோட்பாட்டில் இவ்வளவு சிக்கனமான வாதங்கள் அதிகமில்லை. பென்சிலை எடுத்து ஒரு முறை நீங்களே எழுதிப் பாருங்கள்.

இப்போது தேடுங்கள். 128-இன் மடங்கோடு 1 சேர்த்த எண்கள்: 129, 257, 385, 513, 641… இதில் 129, 385, 513 மூன்றும் பகா எண்கள் அல்ல. 257 ஏற்கெனவே வேறு துண்டாக இருப்பதால் இங்கே வராது. ஆக, முயன்று பார்க்க வேண்டிய முதல் எண்ணே 641!

வகுத்தல் செய்யாமலே இதைச் சரிபார்க்கலாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் வரியிலிருந்து 5 × 2⁷ ≡ −1. நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ ≡ 1. இரண்டாம் வரியிலிருந்து 5⁴ ≡ −2⁴. அதை இடமாற்றினால் −2³² ≡ 1, அதாவது 2³² + 1 ≡ 0. முடிந்தது.

4294967297 = 641 × 6700417

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்க, அதிலிருந்து 1 கழித்ததை 2-க்கு அடுக்காக வைத்து, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது பலருக்குப் பழக்கம். 4294967297 அந்தச் சோதனையில் தேறிவிடும். 2-இன் அடுக்குகள் 64-இல் சுழற்சி முடிக்கின்றன. சோதனைக்கான அடுக்கு 2³², அது 64-இன் மடங்கு. எனவே மீதி 1 தான் வரும், எண்ணோ பகு எண். இந்தக் குடும்பத்துக்கு 2-ஐ அடியாகக் கொண்ட சோதனை எப்போதும் பயனற்றது. 3-ஐ அடியாகக் கொண்டு, எண்ணிலிருந்து 1-ஐக் கழித்துப் பாதியாக்கிய அடுக்கை எடுத்தால் மீதி −1 வர வேண்டும் என்பது பெப்பான் 1877-இல் தந்த சோதனை. 3-ஐ விடப் பெரிய ஃபெர்மா எண்ணுக்கு அது பொய் சொல்லாது.

6. 6700417 இன்னும் உடையுமா?

வர்க்கமூலம் 2588-ஐச் சற்றுத் தாண்டுகிறது. இதன் பகாக் காரணிகளும் 128-இன் மடங்கோடு 1 சேர்த்தவையே. 129 முதல் 2561 வரை அப்படிப்பட்ட எண்கள் 20. அவற்றில் பகா எண்கள் ஐந்து மட்டும்: 257, 641, 769, 1153, 1409. வகுத்துப் பாருங்கள்:

257-ஆல் வகுத்தால் மீதி 170
641-ஆல் வகுத்தால் மீதி 44
769-ஆல் வகுத்தால் மீதி 120
1153-ஆல் வகுத்தால் மீதி 334
1409-ஆல் வகுத்தால் மீதி 622

எதுவும் பூஜ்யமில்லை. 6700417 பகா எண். 257 வராது என்று முன்பே தெரியும் என்றாலும், சரிபார்ப்புக்காக அதையும் வகுத்துவிடுவது நல்லது. 641-ஐ மறுபடி சோதித்ததற்குக் காரணம் உண்டு: அதன் வர்க்கம் ஒளிந்திருக்கக் கூடாதல்லவா?

ஆக முழுமையான பகுப்பு:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை.

7. பகுப்பு கிடைத்தபின் மற்றவை

வகுத்திகளின் எண்ணிக்கைக்கு யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு வகுத்தியும் இந்த ஏழில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்; எனவே 2⁷ = 128 வகுத்திகள்.

வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு, ஒவ்வொரு பகாக் காரணியோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்:

4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418 = 31421980989189888768

இதிலிருந்து எண்ணையே கழித்தால் 12975236915480337153. இது எண்ணை விடச் சிறியது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் தன்னையே தந்தால் நிறைவெண். இங்கே குறைவு என்பதால் இது குறைவெண் வகை. 20 இலக்கப் பெருக்கலில் கை தவறுவது சகஜம். எனவே 9-ஆல் சரிபாருங்கள்: பெருக்கப்பட்டவற்றில் 18 இருக்கிறது, விடையின் இலக்கக் கூட்டல் 117, அது 9-இன் மடங்கு. 11-ஆலும் பாருங்கள்: 65538 = 11 × 5958; விடையின் ஒற்றை இட இலக்கங்களின் கூட்டல் 64, இரட்டை இடத்தவை 53, வித்தியாசம் 11. இரண்டும் பொருந்துகின்றன.

அடுத்து, 1 முதல் நம் எண் வரை அதனோடு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? இதற்கு ஆய்லரின் சார்பு என்று பெயர். ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் 1 கழித்துப் பெருக்குங்கள்:

2 × 4 × 16 × 256 × 65536 × 640 × 6700416

முதல் ஐந்தும் 2-இன் அடுக்குகள். அடுக்குகளைக் கூட்டினால் 1 + 2 + 4 + 8 + 16 = 31. எனவே 2³¹ × 4288266240 = 9208981628670443520. நம் எண்ணில் பாதிக்குச் சற்றே குறைவு. அந்தச் ‘சற்று’ எங்கிருந்து வந்தது தெரியுமா? முதல் ஐந்து பகா எண்கள் மட்டும் இருந்தால் விகிதம் கிட்டத்தட்டச் சரிபாதியாக இருக்கும். 641 புகுந்து அதை 640/641 மடங்காக்கிவிட்டது. ஃபெர்மா நினைத்தது உண்மையாக இருந்திருந்தால் அந்தக் குறைவே இருந்திருக்காது.

இந்த எண்ணிக்கையைப் பகுப்பு தெரிந்தால் மட்டுமே இவ்வளவு எளிதாகச் சொல்ல முடியும். இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. மறைகுறியாக்கம் நிற்பதும் இந்த இடத்தில்தான். அங்கே எண்ணின் பிறப்பு வேண்டுமென்றே மறைக்கப்படுகிறது.

8. வர்க்கங்களின் கூட்டலாக எழுதுதல்

இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

எந்த வர்க்கத்தை 8-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 4 ஆகிய மூன்றில் ஒன்றுதான். இவற்றில் எந்த மூன்றைக் கூட்டினாலும் மீதி 7 வராது. நம் எண்ணின் மீதி 7 என்று ஓரத்தில் குறித்து வைத்தோம். ஆகவே இது வர்க்கமும் அல்ல, இரண்டு வர்க்கங்களின் கூட்டலும் அல்ல, மூன்றின் கூட்டலும் அல்ல. நான்கு போதும் என்று லக்ராஞ்சு 1770-இல் நிறுவிய தேற்றம் சொல்கிறது. எந்த நான்கு என்று சொல்லவில்லை. நாமே கண்டுபிடிப்போம்.

3-ஐ ஒதுக்கிவிட்டால் மிச்சமுள்ள ஐந்து துண்டுகளும் வெளிப்படையாகவே இரு வர்க்கங்களின் கூட்டல்: 2² + 1, 4² + 1, 16² + 1, 256² + 1, 65536² + 1. இரு வர்க்கக் கூட்டல்களின் பெருக்கலும் இரு வர்க்கக் கூட்டல்தான். ஏழாம் நூற்றாண்டில் பிரம்மகுப்தர் இதை இன்னும் பொதுவான வடிவில் தந்திருக்கிறார். நமக்குத் தேவையான வடிவம் இது: கையில் இருக்கும் சோடியில் முதல் எண்ணைப் புது எண்ணால் பெருக்கி இரண்டாவதைக் கழியுங்கள், இரண்டாவதைப் புது எண்ணால் பெருக்கி முதலாவதைக் கூட்டுங்கள்.

2, 1 என்ற சோடியில் தொடங்கி 4-ஐச் சேர்த்தால் 7, 6. சரிபார்ப்பு: 49 + 36 = 85 = 5 × 17.
16-ஐச் சேர்த்தால் 106, 103.
256-ஐச் சேர்த்தால் 27033, 26474.
65536-ஐச் சேர்த்தால் 1771608214, 1735027097.

கடைசிச் சோடியின் வர்க்கங்களைக் கூட்டினால் நம் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு. இனி மூன்று மடங்காக்க வேண்டும். சோடியின் கூட்டலையும் வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்திச் சேர்த்தால் இரண்டு மடங்கு கிடைக்கும். அதோடு பழைய சோடியையும் சேர்த்தால் மூன்று மடங்கு. எனவே:

18446744073709551615 = 3506635311² + 36581117² + 1771608214² + 1735027097²

கடைசி இலக்கங்களை மட்டும் பாருங்கள்: 1 + 9 + 6 + 9 = 25, முடிவு 5. சரியாக இருக்கிறது.

இதே உத்தி 4294967297 பகு எண் என்பதற்கும் தனிச் சாட்சி தரும். அது 65536² + 1². ஆனால் 20449² + 62264² என்றாலும் அதே எண்தான் வரும். ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே விதமாகத்தான் எழுத முடியும். இரண்டு விதம் இருந்தால் அது பகா எண் அல்ல. இரண்டாவது விதம் எங்கிருந்து வந்தது? 641 = 25² + 4², 6700417 = 409² + 2556². இவற்றைப் பெருக்கும்போது 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கூட்டினால் 20449; கழித்தால் 1. அந்த ஒற்றை 1 தான் 2³² + 1-இன் கடைசியில் நிற்கும் 1. இதை முதன்முறை தாளில் பார்ப்பவர்கள் ஒரு கணம் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

9. வடிவியலுக்கு ஒரு கிளை வழி

128 வகுத்திகளில், 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றால் மட்டும் ஆனவை 32. இவற்றில் 1-ஐ விட்டுவிட்டால் மிஞ்சும் 31 எண்களுக்கும் ஒரு தனிப் பெருமை உண்டு. கவராயமும் அளவில்லாத வரைகோலும் மட்டும் கொண்டு அத்தனை பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும். 17 பக்கப் பலகோணம் வரையக்கூடியது என்று காஸ் 1796-இல், 19 வயது நிறையும் முன்பே கண்டுபிடித்தார். வேறு வகை ஒற்றைப்படை எண்களுக்கு இது முடியாது என்று 1837-இல் வாண்ட்செல் நிறுவினார். 65537 பக்கப் பலகோணத்தை வரையும் முறையை எழுத யோஹான் ஹெர்மெஸ் சுமார் பத்து ஆண்டுகள் உழைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி ஜெர்மனியின் கெட்டிங்கனில் இருக்கிறது.

இந்த 32 எண்களை ஏறுவரிசையில் எழுதுங்கள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255… இரண்டடிமானத்தில் மாற்றினால் 1, 11, 101, 1111, 10001, 110011, 1010101, 11111111. பாஸ்கல் முக்கோணத்தில் ஒற்றைப்படை எண்களை 1 என்றும் இரட்டைப்படை எண்களை 0 என்றும் மாற்றினால் வரும் முதல் 32 வரிசைகள் இவைதான்.

10. கணினியில் சரிபார்ப்பும் அடுத்த பயிற்சியும்

பைத்தான் மொழி முழு எண்களை எத்தனை இலக்கமானாலும் பிழையில்லாமல் வைத்துக்கொள்ளும். ஏழு பகா எண்களையும் பெருக்கி, 2-இன் 64-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்த எண்ணோடு ஒப்பிடுங்கள். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ‘ஃபேக்டர்’ கட்டளைக்கு இந்த எண்ணைக் கொடுத்தால் பகுப்பு உடனே வந்துவிடும். ஆனால் கையால் முடித்தபின் கொடுங்கள். விடையை மட்டும் பார்ப்பவருக்கு 641 ஏன் அங்கே இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

பக்கத்து எண்ணையும் பாருங்கள். 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1, இவ்வளவு இணக்கமானதல்ல. அதைப் பிளக்க எளிய சூத்திரம் கிடையாது. காரணிகள் 256-இன் மடங்கோடு 1 சேர்த்தவை என்ற சல்லடை மட்டுமே துணை. 1880-இல், தம் 82-ஆம் வயதில், ஃபோர்த்துனே லாண்ட்ரி அதை 274177 × 67280421310721 என்று பிரித்தார். 274177 = 256 × 1071 + 1. நம் தேடலில் முதல் முயற்சியிலேயே விடை வந்தது; அங்கே ஆயிரத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

பயிற்சிக்கு 2⁶⁰ − 1 = 1152921504606846975 எடுத்துக்கொள்ளுங்கள். 64-ஐ விட 60-க்கு வகுத்திகள் அதிகம் என்பதால் இது இன்னும் பல துண்டுகளாகும். முதலில் (2³⁰ − 1)(2³⁰ + 1) என்று பிளந்து, பிறகு 60-இன் ஒவ்வொரு வகுத்திக்கும் உரிய காரணியைத் தேடுங்கள். 2¹⁰ − 1 = 1023 = 3 × 11 × 31 என்பது நல்ல தொடக்கம். விடை 3² × 5² × 7 × 11 × 13 × 31 × 41 × 61 × 151 × 331 × 1321. இங்கே 3-உம் 5-உம் இரண்டு முறை வருவதால் சூத்திரங்களைச் சற்று மாற்ற வேண்டும்: வகுத்திகளை எண்ணும்போது அவற்றுக்கு 2-க்குப் பதில் 3, கூட்டுத்தொகையில் 4, 6-க்குப் பதில் 13, 31, ஆய்லரின் சார்பில் 2, 4-க்குப் பதில் 6, 20. வகுத்திகளின் எண்ணிக்கை 4608 என்று வந்தால் உங்கள் கணக்கு சரி.